காரியத்துக்குப் பழகியவர்கள்

1981ஆம் ஆண்டு. வாஷிங்டனை ஒட்டிய ஃபால்ஸ் சர்ச் என்ற புறநகர். எஃப்.பி.ஐ. அதிகாரி ஸ்டான் பீமன் அங்கே புதிதாகக் குடிவந்திருக்கிறான். எதிர்வீட்டு ஓல்ட்ஸ்மொபில் கார் மேல் அவனுக்கு ஏதோ உறுத்தல். ராத்திரி யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டுக் கராஜுக்குள் புகுந்து டிக்கியைத் திறந்து பார்க்கிறான். காலி. திருப்தியாகத் திரும்பிப் போகிறான். இருட்டில் கையில் துப்பாக்கியோடு வீட்டுக்காரன் பிலிப் நிற்பதை அவன் பார்க்கவில்லை. அந்த டிக்கியில் கொஞ்ச நாள் முன்புவரை ஒரு ஆள் கட்டிப்போடப்பட்டுக் கிடந்தது அவனுக்குத் தெரியாது.

‘தி அமெரிக்கன்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் ஸ்டானுக்கும் பிலிப்புக்கும் நட்பு தொடங்குவது இப்படித்தான். ஒருவன் அடுத்தவன் வீட்டுப் பூட்டைத் திறக்கிறான், மற்றவன் துப்பாக்கியைக் குறிபார்த்து நிற்கிறான். அதற்கு அப்புறம் ஆறு வருடங்கள் இருவரும் சேர்ந்து பீர் குடிக்கிறார்கள், ராக்கெட்பால் ஆடுகிறார்கள், மணவாழ்க்கை கசந்துபோனதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். பிலிப் அமெரிக்கனாக வேடம் போட்டு வாழும், சோவியத் உளவுத் துறையான கே.ஜி.பி.யின் உளவாளி. ஸ்டானின் வேலையோ அப்படிப்பட்டவர்களைப் பிடிப்பது.

2013 ஜனவரியிலிருந்து 2018 மே வரை, ஆறு பருவங்கள், 75 அத்தியாயங்கள் ஓடிய தொடர் இது. உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க் 1990களின் தொடக்கத்தில் சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர். முடிவு வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தொடர் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் ரசிகர்கள் விடாமல் அலசுகிற கேள்வி ஒன்று உண்டு. பிலிப் ஸ்டானோடு பழகியது உண்மையான நட்பா, அல்லது காரியத்துக்குப் பழகியதா? எனக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலாகப் படுகிறது. பாசம் உண்மையென்றால் அங்கே சூழ்ச்சி இருக்காது, சூழ்ச்சி இருந்தால் பாசம் வெறும் நடிப்பு என்று அது முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. உளவுத் தொழில் அப்படி நடப்பதில்லை. இந்தத் தொடரில் வரும் உறவுகளில் பாதிக்கு மேல், ஏமாற்றுகிறவர் ஏமாறுகிறவரை நிஜமாகவே நேசிக்கிறார். அந்த நேசம்தான் கருவி. அதனால் பாசம் இருந்ததா என்று கேட்பதில் அதிகம் பயனில்லை. பாசமும் வேலையும் மோதும் நாளில் யார் விலை கொடுத்தார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தொழில் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒருவரைத் தகவல் தரும் ஆளாக மாற்றுவதற்கு உளவுத் துறைகள் படிப்படியான முறை வைத்திருக்கின்றன. முதலில் பயன்படக்கூடிய ஆளை அடையாளம் காண வேண்டும். அடுத்து அவரை எடை போட வேண்டும்: கடன் இருக்கிறதா, தனிமையில் வாடுகிறாரா, பதவி உயர்வு கிடைக்காத கோபமா? அதற்கு அப்புறம் வருவது வளர்ப்பது. மாதக்கணக்காக, சில சமயம் வருடக்கணக்காகப் பழகுவது. பிடிப்பது கடைசிப் படி. ஆட்களை வளைக்கும் தூண்டில்களாகப் பணம், கொள்கை, மிரட்டல், அகந்தை என்ற நான்கைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘எலிகள்’ என்று வரும். அந்தப் பட்டியலில் நட்பு இல்லை. நான்கு தூண்டிலும் தொங்குகிற கயிறே நட்புதான் என்பதால் அதைத் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

இது கற்பனையில்லை. 2010 ஜூன் மாதம் எஃப்.பி.ஐ. பத்து ரஷ்ய உளவாளிகளைக் கைது செய்தது. பல வருடம் சாதாரணக் குடும்பங்களாக அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். தொடர் பிறக்கக் காரணமே அந்தச் செய்திதான். நியூஜெர்சியில் மர்ஃபி என்ற பெயரில் குடியிருந்த தம்பதியின் தோட்டத்தைக் காட்டி, இவ்வளவு அழகாகப் பூச்செடி வளர்த்தவர்கள் எப்படி உளவாளியாக இருப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பெண் வேடிக்கையாகக் கேட்டது அப்போது பத்திரிகையில் வந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு வேலையிடத்தில் ஒரு பெரிய நிதித்துறைப் புள்ளியின் பழக்கம் இருந்தது. அவரோடு வேலையைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உறவை வளர்த்துக்கொள் என்று மாஸ்கோவிலிருந்து குறிப்பு வந்ததாக நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. யாரோடு எவ்வளவு நெருங்க வேண்டும் என்று மேலிடம் எழுதி அனுப்புகிற நட்பு.

இப்படி எழுதி அனுப்பப்பட்ட நட்பு உள்ளே எப்படி இருக்கும் என்பதைத் தொடர் மிக நெருக்கமாகக் காட்டுவது, நான்காம் பருவத்தில், பிலிப்பின் மனைவியும் சக உளவாளியுமான எலிசபெத்துக்கும் யங் ஹீக்கும் இடையில். எனக்கு மொத்தத் தொடரிலும் பார்க்க முடியாமல் போன பகுதி இதுதான். சுடுகிறார்கள், குத்துகிறார்கள், ஓர் உடலை மடித்துப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டேன். இதைப் பார்க்க முடியவில்லை.

யங் ஹீ கொரியாவிலிருந்து வந்தவள், வாயாடி, மேரி கே அழகுசாதனப் பொருட்களைத் தெரிந்தவர் அறிந்தவர் வட்டத்தில் விற்கிறவள். எலிசபெத் ‘பேட்டி’ என்ற பெயரில் வாடிக்கையாளராக உள்ளே நுழைகிறாள். இதில் ஒரு குறும்பு இருக்கிறது. அந்த விற்பனை முறையே பழக்கத்தைக் காசாக்குவதுதானே? பத்து வருடம் பேசாத பள்ளித் தோழன் திடீரென்று போன் செய்து “எப்படிடா இருக்கே, ஒரு நல்ல விஷயம் சொல்லணும்” என்றால் நமக்கு வயிற்றைக் கலக்கும் இல்லையா, அதே முறை. ஆனால் யங் ஹீ அந்தக் கோட்டைத் தாண்டி வந்துவிடுகிறாள். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறாள், குழந்தைகளோடு உட்கார வைக்கிறாள், சினிமாவுக்குக் கூட்டிப் போகிறாள். விற்க வந்தவள் தோழியாகிவிட்டாள். வாங்க வந்தவளும் பாதி ஆகிவிட்டாள். எலிசபெத் அந்த வீட்டில் சிரிக்கிற சிரிப்பை அவள் சொந்த வீட்டில்கூட நாம் அதிகம் பார்த்ததில்லை.

மாஸ்கோவிலிருக்கும் கே.ஜி.பி. தலைமைக்கு வேண்டியது யங் ஹீ அல்ல, அவள் கணவன் டான். அவன் வேலை பார்க்கும் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் உள்பகுதிக்குள் நுழையக் குறியீடுகள் தேவை. அதற்காக எலிசபெத் அவனுக்கு மயக்க மருந்து கொடுத்து, எழுந்ததும் மனைவியின் தோழி பேட்டியோடு தவறு நடந்துவிட்டதாக நம்ப வைக்கிறாள். பிறகு கர்ப்பம் என்கிறாள். பிறகு பேட்டி தற்கொலை செய்துகொண்டாள் என்று போலி உறவினர்கள் அவன் அலுவலகத்துக்கே வந்து நிற்கிறார்கள். அந்த அமளியில் அவன் கணினியிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு முன்னால் எலிசபெத் தன் மேலாளர் கேப்ரியலிடம் வேறு வழி ஏதும் இல்லையா என்று கேட்கிறாள். கட்டளைக்கு மறுபேச்சுப் பேசாத எலிசபெத் அப்படிக் கேட்பது பெரிய விஷயம். அதாவது அந்தக் குடும்பத்தின் மேல் அவளுக்கு இருந்த பிரியம் கலப்படமில்லாதது. வேறு வழியில்லை என்கிறார் அவர். சரி என்று போய்க் காரியத்தை முடிக்கிறாள். ‘கட்டாயத்தால் செய்தாள், பாவம்’ என்று இந்த இடத்தில் எலிசபெத்துக்காக இரங்குகிற ரசிகர்கள் நிறைய. எனக்கு அந்த இரக்கம் வரவில்லை. பிரியம் இருந்தது, சரிதான். அந்தப் பிரியம் டானை ஒரு நிமிடம்கூடக் காப்பாற்றவில்லை. அது எலிசபெத்துக்கு வலியைத் தந்தது, அவ்வளவுதான். செய்கிறவருக்கு வலித்தது என்பதற்காகச் செய்யப்பட்டவருக்குக் கணக்கு குறைந்துவிடுமா?

கடைசியில் யங் ஹீ தொலைபேசியில் தகவல் விடுகிறாள். டானுக்கு என்னவோ ஆகிவிட்டது, எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீ எங்கே போய்விட்டாய் பேட்டி, கூப்பிடு. தன் வீட்டை இடித்தவளிடமே ஆறுதல் தேடுகிற குரல். எலிசபெத் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். யங் ஹீக்கு அதற்கு அப்புறமும் உண்மை தெரியவராது. அவள் நினைவில் பேட்டி கடைசிவரை நல்ல தோழிதான்.

பிலிப்பின் கணக்கில் இருப்பவள் மார்த்தா. எஃப்.பி.ஐ. எதிர் உளவுப் பிரிவுத் தலைவர் காட் என்பவரின் செயலாளர், திருமணமாகாதவள், அலுவலகத்தில் யாரும் பொருட்படுத்தாதவள். எஃப்.பி.ஐ.யையே கண்காணிக்கும் ரகசியத் தணிக்கைக்காரன் ‘கிளார்க்’ என்று சொல்லிக்கொண்டு, விக்கும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பிலிப் வருகிறான். முதல் பருவத்தின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் கல்யாணமே நடக்கிறது. மாப்பிள்ளையின் அக்கா என்று வந்து நிற்பவள் அவனுடைய நிஜ மனைவி எலிசபெத். மாப்பிள்ளையின் அம்மா அவர்களை இயக்கும் கே.ஜி.பி. மேலதிகாரி. கோரமான நகைச்சுவை.

மிகைப்படுத்தல் என்று தோன்றினால் ஜெர்மனியின் வரலாற்றைப் பார்க்கலாம். பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பானில் தனியாக வாழ்ந்த, அரசு அலுவலகங்களில் செயலாளர் வேலை பார்த்த பெண்களைக் குறிவைத்து, கிழக்கு ஜெர்மன் உளவுத் தலைவர் மார்க்கஸ் வுல்ஃபின் துறை காதலர்களை அனுப்பியது. கே.ஜி.பி.யும் இதைச் செய்தது. வெளியுறவு அமைச்சகத்தில் வேலை பார்த்த லியோனோர் என்ற பெண்ணை ஹைன்ஸ் சூட்டர்லின் என்ற ஆள் 1960இல் மணந்துகொண்டான். பல வருடம் அவள் வழியாக ஆவணங்கள் மாஸ்கோ போயின. 1967இல் ஒரு கே.ஜி.பி. ஆள் மேற்கு நாடுகளிடம் ஓடிவந்ததால் விஷயம் வெளியே வந்தது. கணவன் தன்னைத் தேர்ந்தெடுத்ததே வேலைக்காகத்தான் என்று அறிந்த லியோனோர் சிறையில் தன்னை மாய்த்துக்கொண்டார்.

மார்த்தாவை எழுதியவர்கள் அவளை அந்த முடிவுக்குத் தள்ளவில்லை. மூன்றாம் பருவத்தின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் பிலிப் அவள் முன்னால் விக்கைக் கழற்றுகிறான். அது அன்பா, தந்திரமா? அலுவலகத்தில் விசாரணை நெருங்கிவிட்டது, அவள் பயந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவாளோ என்ற நிலையில் அவளைத் தன் பக்கமே வைத்திருக்க அதைவிட வலுவான வழி கிடையாது. அதே சமயம், தன் முகத்தை அவளுக்குக் காட்டாமல் இருக்க இனி அவனால் முடியவில்லை என்பதும் நிஜம். அவளைக் காப்பாற்ற அவன் இன்னொரு அப்பாவி ஊழியனைக் கொன்று, தற்கொலைபோலக் காட்டிவிடுகிறான். அவன் அன்பின் விலையை யாரோ மூன்றாம் ஆள் கட்டினான். கடைசியில் மார்த்தாவைச் சின்ன விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். மொழி தெரியாத மாஸ்கோவில் தன்னந்தனியாக வாழப்போகிறவள், ஏறும் முன் கிளார்க்கிடம் சொல்வது, நீ தனியாக இருக்காதே என்று. அந்தக் கல்யாணத்தில் நடிக்காமல் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

இதையெல்லாம் சோவியத் பக்கத்தின் குற்றப்பட்டியலாக எழுதியிருந்தால் தொடர் சாதாரணமாகப் போயிருக்கும். ஸ்டானும் அதே தொழில்தான் செய்கிறான். பிலிப்பின் எதிர்வீட்டுக்கு வருவதற்கு முன் மூன்று வருடம் வெள்ளை இனவெறிக் கும்பலுக்குள் வேடமிட்டு வாழ்ந்தவன் அவன். சோவியத் தூதரகத்தில் வேலை பார்க்கும் நீனா என்ற இளம்பெண் கள்ளச்சந்தை வியாபாரம் செய்வதைக் கண்டுபிடித்து, அதை வைத்து மிரட்டித் தகவல் வாங்குகிறான். பிறகு காதல். அவனுக்கு அது நிஜக் காதல். மனைவி போய்விட்டாள், மகனோடு ஒட்டவில்லை, இவள்தான் எல்லாம். ஆனால் கூட வேலை செய்த ஏஜெண்டின் சாவுக்குப் பழிவாங்க, சோவியத் தூதரகத்து இளைஞன் விளாடை அவன் சுட்டுக் கொன்றது தெரிந்த நாளில் நீனா தன் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு இரட்டை வேடத்துக்கு மாறுகிறாள். அப்புறம் யார் யாரை ஆட்டிவைத்தார்கள் என்பதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டாம் பருவ முடிவில் அவளைக் காப்பாற்ற நாட்டின் ரகசியம் ஒன்றைக் கொடு என்று ஸ்டானிடம் கேட்கப்படுகிறது. அவன் கொடுக்கவில்லை. மன்னித்துவிடச் சொல் என்று ஒரு சீட்டு மட்டும் அனுப்புகிறான். நீனா தேசத்துரோகியாக மாஸ்கோவுக்கு ஏற்றப்படுகிறாள்.

விலையை யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்டதற்கு நேரான பதில் நீனாவின் மிச்சக் கதையில் கிடைக்கிறது. சிறையில் அவளோடு ஈவி என்ற பெல்ஜியப் பெண்ணை அடைக்கிறார்கள். அவளிடம் ஒப்புதல் வாங்கிக் கொடுத்தால் தண்டனை குறையும். நீனா தோழியாகப் பேசி வாங்கிக் கொடுக்கிறாள். ஈவியைக் கதறக் கதற இழுத்துப் போகிறார்கள். அடுத்த வேலை: அமெரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்ட விஞ்ஞானி அன்டனை வழிக்குக் கொண்டுவருவது. கொண்டுவந்தால் விடுதலையே கிடைக்கும். இங்கேதான் நீனா நிற்கிறாள். இனி இப்படி உயிரை விலைக்கு வாங்க முடியாது என்று தோன்றிவிடுகிறது. அன்டன் தன் மகனுக்குத் தகவல் அனுப்ப உதவப் போய் மாட்டிக்கொள்கிறாள். நான்காம் பருவத்தின் தொடக்கத்திலேயே, தீர்ப்பை வாசித்த கையோடு, பின்னந்தலையில் சுடுகிறார்கள். சாகசமே இல்லாத, சில விநாடிகளில் முடிகிற காட்சி. தொடரில் நட்புக்காக முழு விலையையும் தன் கையிலிருந்தே கொடுத்த ஆள் அவள் ஒருத்திதான் என்பேன்.

பிலிப் கடைசிப் பருவத்தில் இதற்குப் பக்கத்தில் வருகிறான். சி.ஐ.ஏ. அதிகாரியின் மகள் கிம்மியைப் பல்கேரியாவுக்கு வரவழைத்து மாட்டவைக்க வேண்டும் என்பது எலிசபெத்தின் திட்டம். பிலிப் அவளைக் கூப்பிட்டு, எந்தக் கம்யூனிஸ்ட் நாட்டுக்கும் போகாதே, யார் கூப்பிட்டாலும் போகாதே என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறான். வருடக்கணக்காக வளர்த்த ஒரு தொடர்பு அந்த ஒரு நிமிடத்தில் முடிந்துபோகிறது. மனைவியோடு விரிசல் விழுகிறது.

இனி அந்தப் பழைய நண்பர்களிடம் வரலாம். இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது கிம் ஃபில்பியும் நிக்கோலஸ் எலியட்டும். இருவரும் பிரிட்டிஷ் உளவுத் துறைக்காரர்கள், 1940 முதல் இணைபிரியாத தோழர்கள். 1950களில் ஃபில்பி மேல் சந்தேகம் விழுந்தபோது அவருக்காக வாதாடியவர் எலியட். 1956இல் பெய்ரூட்டில் பத்திரிகையாளர் வேலை கிடைக்கவும் அவர் உதவினார். ஃபில்பி அத்தனை காலமும் மாஸ்கோவின் ஆள். 1963 ஜனவரியில் அவரை நேரில் மடக்க அனுப்பப்பட்டவரும் இதே எலியட்தான். ஃபில்பி பாதி ஒப்புக்கொண்டார். எலியட் ஊரைவிட்டுக் கிளம்பினார். ஜனவரி 23 இரவு ஃபில்பி ஒரு சோவியத் கப்பலில் ஏறி மறைந்தார். நண்பனை வேண்டுமென்றே ஓடவிட்டாரா என்று இன்றுவரை பேச்சு உண்டு. 1988இல் ஃபில்பி இறந்ததும், அவருக்குப் பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த விருது ஒன்றைக் கொடுத்துவிடுவோம், இவன் கடைசிவரை பிரிட்டனின் ஆளோ என்று கே.ஜி.பி. தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என எலியட் யோசனை சொன்னாராம். துறை ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்தைந்து வருடம் ஆறாத காயம் இருந்தால்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

கடைசி அத்தியாயத்திலும் ஒரு கராஜ். 1987. பிலிப்பின் மகள் பெய்ஜ் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டான் துப்பாக்கியோடு பிலிப்பையும் எலிசபெத்தையும் பெய்ஜையும் மறிக்கிறான். முதலில் சாக்குப்போக்கு. பிறகு பிலிப் நிறுத்திவிடுகிறான். எங்களுக்கு ஒரு வேலை இருந்தது என்கிறான். என் கேவலமான வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே நண்பன் நீதான் என்கிறான். பிலிப்பாக நடித்த மத்தியூ ரீஸ் அதைச் சொல்கிற விதத்தில் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதே பேச்சுக்கு நடுவே ஸ்டான் கொலைகளைப் பற்றிக் கேட்கும்போது, நாங்கள் ஆட்களைக் கொல்வதில்லை என்ற பச்சைப் பொய்யும் வருகிறது. பெய்ஜ் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். மனசாரப் பேசுகிறவன் அதே மூச்சில் ஆளைத் தன் வழிக்குத் திருப்பிக்கொண்டும் இருக்கிறான். இரண்டையும் வெட்டிப் பிரிக்க முடியாதபடி வசனத்தைக் கட்டியிருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தை எழுதியதற்காக வைஸ்பெர்க்கும் ஜோயல் ஃபீல்ட்ஸும் 2018இல் எம்மி விருது வாங்கினார்கள். ரீஸுக்கும் அந்த வருடம் கிடைத்தது.

ஸ்டான் வழிவிடுகிறான். கார் கிளம்பும் முன், ஸ்டான் பிற்பாடு மறுமணம் செய்துகொண்ட ரெனேயைப் பற்றிப் பிலிப் இன்னொன்று சொல்கிறான். உன் மனைவி ரெனேகூட எங்கள் ஆளாக இருக்கலாம், எனக்கு உறுதியாகத் தெரியாது.

இந்த வரியைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நண்பனுக்குக் கடைசியாகக் கொடுத்த எச்சரிக்கை என்று ஒரு கட்சி. ஸ்டானின் மிச்ச வாழ்க்கைக்குள் போட்டுவிட்டுப் போன விஷம் என்று இன்னொரு கட்சி. பிலிப்புக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை, ஸ்டான் ஏற்கெனவே வழிவிட்டாயிற்று. அதனால் நான் எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இருபது வருடமாக வேறு விதமாகப் பேசியே பழகாத ஒருவனிடமிருந்து அது வருவதால், நட்பாகச் சொன்னதும் விஷமாகத்தான் இறங்குகிறது. ரெனே யார் என்று தொடர் கடைசிவரை சொல்லவில்லை.

அன்று ராத்திரி ரெனே தூங்குவதைப் பார்த்துக்கொண்டு ஸ்டான் நிற்கிறான். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு, பிலிப்பும் எலிசபெத்தும் விட்டுச்சென்ற மகன் ஹென்றியின் விடுதிப் பள்ளிக்குப் போகிறான். பல வருடமாகத் தன் வீட்டுப் பிள்ளைபோல வந்து போனவன் ஹென்றி. ஐஸ் ஹாக்கி மைதானத்து ஓரத்தில் பையனை உட்கார வைத்து ஸ்டான் எதையோ சொல்கிறான். என்ன சொல்கிறான் என்பது நமக்குக் கேட்பதில்லை.